டாய்லெட் சீட்டில் போகாத கறை: எந்தக் கறைக்கு எந்த வழி

கோவையின் புறநகரில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தின் தங்கும் அறைகளைப் பராமரிப்பது என் வேலை. மொத்தம் 18 அறைகள், 18 வெஸ்டர்ன் டாய்லெட்டுகள். குடிப்பதற்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. ஃபிளஷ் டேங்குக்கும் குளியலறைக் குழாய்க்கும் போவது ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர். ஒரு முகூர்த்தம் முடிந்து இரு வீட்டாரும் அறைகளைக் காலி செய்த மறுநாள், எந்தச் சீட்டில் எந்தக் கறை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போவதுதான் என் முதல் வேலை. இத்தனை ஆண்டுகளில் நாங்கள் கழற்றி எறிந்த சீட்டுகளைக் கணக்கிட்டால், கறையால் கெட்டவற்றைவிடக் கறையைப் போக்கப் போய்க் கெட்டவையே அதிகம். எதை ஊற்றுவது என்பதைவிட, எதை ஊற்றக் கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை இது.

கறையின் நிறத்தையும் அது இருக்கும் இடத்தையும் பார்த்து, கீழே அதற்குரிய தலைப்புக்கு நேராகச் செல்லலாம். அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் எந்தக் கறையானாலும் முதலில் படித்துவிடவும்.

முதலில்: சீட் எதனால் ஆனது?

சீட்டைத் தூக்கி, முன்விளிம்பை இரு கைகளாலும் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் அது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்; பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான். வளையாமல், கையில் கனமாகவும், விரல் கணுவால் தட்டினால் பீங்கான் தட்டைப் போல ‘டங்’ என்றும் ஒலித்தால் அது யூரியா ஃபார்மால்டிஹைடு என்னும் கடினமான பொருள். பளபளப்பு அதிகம், விலையும் அதிகம். தடிமனாக இருந்து, விளிம்பில் பெயின்ட் உரிந்த இடத்தில் மரத்தூள் நிறம் தெரிந்தால் அது அழுத்திய மரச் சீட்.

இந்த மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். பிளாஸ்டிக் சீட் அமிலத்தைத் தாங்கும், ஆனால் எளிதில் கீறல் விழும். கீறலுக்குள் போன கறை வெளியே வராது. கடினமான சீட் கீறலைத் தாங்கும், ஆனால் கடும் அமிலத்தில் பளபளப்பை இழக்கும், பிளீச் அடிக்கடி பட்டால் மஞ்சளாகும். மரச் சீட்டில் பெயின்ட் உள்ளவரைதான் உயிர். பெயின்ட் விட்ட இடத்தில் தண்ணீர் இறங்கினால் ஊறி உப்பிவிடும். மூன்றுக்கும் பொதுவான பலவீனம் பின்புறத்துக் கீல். டாய்லெட் கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது பீங்கான் கோப்பைக்கு உள்ளே போக வேண்டியது. சீட்டின்மீது ஊற்றினால் வழிந்து கீலுக்குள் இறங்கி, முலாம் பூசிய இரும்பையும் ஸ்டீலையும் அரித்துவிடும். பிறகு அந்தத் துரு வழிந்து சீட்டில் புதுக்கறை வரும்.

எந்த நிலையிலும் செய்யக் கூடாதவை

அமிலத்தையும் பிளீச்சையும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய சிறிய கழிவறையில் அது நுரையீரலைத் தாக்கும். இங்கே அமிலம் என்பது டாய்லெட் திரவம் மட்டுமல்ல. வினிகரும் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) அதில் சேரும். சிறுநீர் காய்ந்து கிடக்கும் இடத்தில் கழுவாமல் பிளீச் ஊற்றினாலும் மூச்சை அடைக்கும் வாயு வரும். சானிடைசர் தடவிய இடத்திலும் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் பிளீச் தொடக் கூடாது. ஒரு பொருள் பலிக்கவில்லை என்றால், நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, இயன்றால் மறுநாள் அடுத்த பொருளைத் தொடங்குங்கள். கீழே ‘நீர்த்த பிளீச்’ என்று வரும் இடங்களில், ஒரு பங்கு திரவப் பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்தது என்று கொள்ளுங்கள். கம்பி நாரும், பாத்திரம் விளக்கும் பவுடரும், பாதம் தேய்க்கும் கல்லும் சீட்டின் பக்கமே வரக் கூடாது.

இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் வினிகரும் ஆப்ப சோடாவும் சேர்ந்த கலவையைப் பற்றி ஒரு வார்த்தை. அது நுரைத்து எழுவது பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதால் நுரை அடங்கியதும் எஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புக் கரைசல்தான். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்ல பொருள்கள்.

அறிகுறி 1: சீட்டின் அடியிலும் ரப்பர் குமிழ்களைச் சுற்றியும் மஞ்சள் அல்லது பழுப்பு

மிகுதியாக வரும் புகார் இது. சிறுநீர்த் துளிகள் தெறித்துச் சீட்டின் அடிப்பக்கத்தில் காய்கின்றன. மேல்பக்கத்தைத் தினமும் துடைப்பவர்கள்கூட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கறை வெறும் நிறமா, படிவா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். கையுறை போட்ட விரலால் தடவிப் பாருங்கள்.

*வழவழப்பாக, லேசாகப் பிசுக்காக இருந்தால்* அது புதுக்கறை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு, மென்மையான துணியால் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். எஞ்சியதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீர் விட்டு விழுதாகக் குழைத்துத் தடவி, கால்மணி நேரம் விட்டு, பழைய டூத் பிரஷால் அழுத்தாமல் தேய்க்கவும்.

*சொரசொரப்பாக, மணல் ஒட்டியது போல இருந்தால்* அது சிறுநீர்ப் படிவு. சிறுநீர் நாள்பட நிற்கும்போது, நுண்ணுயிர்கள் அதிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. அப்போது அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டாகக் கெட்டிப்பட்டு ஒட்டிக்கொள்கின்றன. உப்புத் தண்ணீர் இதற்கு உரம் போடும். சோப்பு இதைத் தொடாது, அமிலம்தான் கரைக்கும். அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, படிவின்மேல் ஒத்தடம் போல அரைமணி நேரம் போட்டு வையுங்கள். சீட்டைக் கழற்றித் தலைகீழாக வைத்துச் செய்தால் இன்னும் நல்லது. பிறகு பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றின் விளிம்பால் மெல்லச் சுரண்டினால், ஊறிய படிவு அடையடையாக எழும்பி வரும். பிளாஸ்டிக்கால் பிளாஸ்டிக்கைச் சுரண்டுவதால் கீறலும் விழாது. ஒரே தடவையில் வராவிட்டால் மீண்டும் செய்யலாமே தவிர, கத்தியை எடுக்கக் கூடாது.

*நாற்றம் மட்டும் போகாவிட்டால்* அந்த நான்கு ரப்பர் குமிழ்களையும் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அவை குத்தி வைக்கப்பட்டிருக்கும், இழுத்தால் வந்துவிடும். எங்கள் 7ஆம் எண் அறையில் இரண்டு மாதம் என்ன கழுவியும் வாடை போகவில்லை. கடைசியில் ஒரு குமிழைப் பிடுங்கியபோது அதன் குழிக்குள் தேன் நிறத்தில், மெழுகு போல, ஒரு சிட்டிகை அளவு அழுக்கு இருந்தது. நான்கு குழிகளையும் காது குடையும் பஞ்சால் துடைத்து, குமிழ்களை எலுமிச்சை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் திரும்பப் பொருத்தியதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. கீலின் மூடிகளையும் இதே போலத் திறந்து பார்க்க வேண்டும்.

*சீட் முழுக்க ஒரே சீராக மஞ்சளாகி, எதனாலும் மாறாவிட்டால்* அது கறையே அல்ல. பொருள் வயதாகிவிட்டது அல்லது பிளீச் பட்டுப் பட்டு நிறம் மாறிவிட்டது. இதற்கு வழி மாற்றுவது மட்டுமே. வீணாகத் தேய்க்க வேண்டாம்.

அறிகுறி 2: வெள்ளைத் திட்டுகள், சுண்ணாம்பு பூசியது போன்ற விளிம்பு

ஹெல்த் ஃபாசெட்டிலிருந்து தெறிக்கும் உப்புத் தண்ணீர் காய்ந்து விடும் தடம் இது. கீலைச் சுற்றியும் மூடியின் உட்புறத்திலும் முதலில் தெரியும். ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்கள். குமிழ்கள் கிளம்பினால் சுண்ணாம்புப் படிவுதான் என்று உறுதி. அறிகுறி 1இல் சொன்ன எலுமிச்சை உப்பு ஒத்தடமே இதற்கும் மருந்து. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கீலின்மேல் அமிலம் தங்காமல் பார்த்துக்கொண்டு, முடித்ததும் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்ந்த துணியால் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

குமிழ் வராமல், வெள்ளையாகத் தெரியும் இடம் தொட்டால் மழமழப்பின்றி மங்கியிருந்தால், அது படிவு அல்ல. யாரோ கடும் அமிலம் ஊற்றியோ கம்பி நாரால் தேய்த்தோ பளபளப்பைப் போக்கியிருக்கிறார்கள். அது திரும்பி வராது.

அறிகுறி 3: செம்பழுப்பு, துரு நிறம்

இங்கே இடம்தான் எல்லாவற்றையும் சொல்லும். பிளீச்சைத் தூரமாக வைத்துவிட்டு ஆராயுங்கள். இரும்புக் கறையின்மேல் பிளீச் ஊற்றினால் அது வெளுக்காது. தண்ணீரிலுள்ள இரும்பு மேலும் துருவாக மாறி, கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

*ஒரே ஒரு சிறு வடிவமாக இருந்தால்,* யாரோ எதையோ வைத்திருக்கிறார்கள். மூடியை மூடி, அதன்மேல் கொண்டை ஊசிகளையும் சேப்டி பின்களையும் வைத்து அலங்காரம் செய்துகொள்வது மண்டப அறைகளில் வாடிக்கை. ஈர மூடியில் ஓர் இரவு கிடந்த கொண்டை ஊசி, இரண்டு காலும் வளைவும் அப்படியே வரைந்தாற்போலத் தன் உருவத்தை விட்டுச் செல்லும். எலுமிச்சை உப்பை நேரடியாகத் தூவி, நாலு துளி தண்ணீர் விட்டு, அரைமணி நேரத்தில் துடைத்தால் போய்விடும்.

*கீலிலிருந்து கீழ்நோக்கி வழிந்திருந்தால்* கீலின் போல்ட் துருப்பிடித்திருக்கிறது. கறையை மட்டும் துடைத்தால் பத்து நாளில் திரும்ப வரும். கோப்பையின் அடியில் கைவிட்டுத் திருகு மரையைக் கழற்றி, பழைய போல்ட்டை ஹார்டுவேர் கடைக்கு எடுத்துச் சென்று, அதே அளவில் நைலான் போல்ட் கேட்டு வாங்குங்கள். துருவேறிக் கழற்ற வராத மரையை ஸ்பானரால் வெறியோடு திருக வேண்டாம். பீங்கானில் விரிசல் விழுந்தால் கோப்பையையே மாற்ற நேரும். துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விட்டுப் பார்த்து, அப்போதும் வராவிட்டால் பிளம்பரை அழைப்பதே சிக்கனம்.

*சீட்டின் அடியிலும், கோப்பையின் உள்ளேயும், குழாய்க்கடியில் தரையிலும் ஒரே நிறமாக இருந்தால்* காரணம் தண்ணீரில் உள்ள இரும்பு. ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்து மூடாமல் ஓர் இரவு வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காலையில் மஞ்சளாகி அடியில் செந்நிற வண்டல் தங்கியிருந்தால் சந்தேகம் வேண்டாம். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துணியிலும் கழிவறைச் சாமான்களிலும் கறை பிடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி. எலுமிச்சை உப்பு இரண்டு முறை போட்டும் போகாத இரும்புக் கறைக்கு, கெமிக்கல் கடையில் கிடைக்கும் ஆக்ஸாலிக் ஆசிட் நன்றாக வேலை செய்யும். ஒரு தேக்கரண்டித் தூளை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கறையில் மட்டும் தடவி, ஐந்து பத்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். அது விஷம், எலுமிச்சை உப்பைப் போலவே வெள்ளையாக இருப்பதால் சமையலறைப் பக்கம் போகவே கூடாது. பெயர் எழுதாத டப்பாவில் போட்டு வைக்கவும் கூடாது.

அறிகுறி 4: மஞ்சள், மருதாணி, தலைச்சாயம்

கல்யாண மண்டபத்துக்கே உரிய கறைகள் என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் உள்ள வீடுகளிலும், மாதம் ஒருமுறை தலைக்குச் சாயம் போடும் வீடுகளிலும் இவை தவறாமல் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

*மஞ்சள் தூள்.* நலங்கு வைத்த மறுநாள் சீட்டில் தெரியும் மஞ்சள் விரல் தடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் அது செங்காவி நிறமாக மாறி, தேய்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். பயப்பட வேண்டியதில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே காரியம்தான். சோப்பும் ஆப்ப சோடாவும் காரத்தன்மை உடையவை. தண்ணீர் ஊற்றி அலசி, சில துளி வினிகர் விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். இந்தக் கறைக்குக் காரமும் வேண்டாம், தேய்ப்பும் வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, சாராயப் பொருள்களில் (ஆல்கஹாலில்) கரையும். எனவே ஆல்கஹால் சேர்ந்த சானிடைசரைப் பஞ்சில் நனைத்து, பஞ்சை மாற்றி மாற்றி ஒற்றி எடுங்கள். பஞ்சு மஞ்சளாகிக்கொண்டே வரும். எஞ்சிய மங்கலான நிறத்துக்குச் சீட்டைக் கழற்றி வெயிலில் வையுங்கள். சூரிய ஒளியில் மஞ்சள் தானாக வெளுக்கும். மஞ்சள் கறை பட்ட வெள்ளை வேட்டியை வெயிலில் காயப்போட்டவர்களுக்கு இது புதிதல்ல. சித்திரை வெயிலில் ஒரு பகல் எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. பிளாஸ்டிக் சீட்டைப் பல நாள் வெயிலிலேயே போட்டுவிட்டால் மட்டும் அது பொரிந்து முறியும் தன்மைக்கு வந்துவிடும்.

*மருதாணி.* ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் ஒன்றுமில்லை. காய்ந்த விழுதைப் பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் எடுத்துவிட்டு, சானிடைசர் பஞ்சால் ஒற்றவும். பளபளப்பு கெடாத சீட்டில் பெரும்பாலும் தடம் மட்டுமே மிஞ்சும். சில வாரப் புழக்கத்தில் அதுவும் மறையும்.

*தலைச்சாயம்.* இது நேரத்தோடு போட்டி. கலக்கிய சாயம் காற்றுப் பட்டு நிறம் ஏறுவதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். அதற்குள் ஈரத் துணியால் துடைத்தால் தடமே தெரியாது. ஏறிவிட்டால் முதலில் சானிடைசர். அதில் குறையாவிட்டால் நன்றாகக் கழுவித் துடைத்தபின், ஒரு பங்கு திரவப் பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, பஞ்சில் நனைத்துக் கறையின்மேல் மட்டும் ஐந்து நிமிடம் வைத்து எடுக்கவும். கடினமான சீட்டில் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். பிளாஸ்டிக் சீட்டின் கீறலுக்குள் இறங்கிய சாயம் மெல்லிய கறுப்புக் கோடாக நிற்கும். அதை எடுக்க நான் செய்த முயற்சி எதுவும் இதுவரை பலிக்கவில்லை. மண்டபத்தில் இப்போது மணமகள் அறைக் கழிவறையில் ஒரு பழைய துண்டை மூடியின்மேல் விரித்துவிடுகிறோம். அது கறையை வாங்கிக்கொள்கிறது.

*நகப்பூச்சு* பட்டிருந்தால், கை தானாக நகப்பூச்சு நீக்கும் திரவத்தைத் தேடும். அதிலுள்ள அசிட்டோன் மரச் சீட்டின் பெயின்ட்டை எடுத்துவிடும், சில வகைப் பிளாஸ்டிக்குகளைக் கரைத்தும்விடும். நன்றாகக் காயவிட்டு, அட்டை விளிம்பால் நெம்பி எடுப்பதே பாதுகாப்பு.

அறிகுறி 5: கறுப்புப் புள்ளிகள் அல்லது கறுப்புப் படலம்

பூஞ்சையா, தண்ணீரிலுள்ள மாங்கனீசு என்னும் உலோகமா என்பதே கேள்வி. கறை உள்ள இடத்தை வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவியபின், நீர்த்த பிளீச் ஒரு துளி வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். நிறம் வெளுத்தால் பூஞ்சை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் அறைகள் பூட்டிக் கிடக்கும்போது, காற்றோட்டம் இல்லாத அறைகளில் மூடியின் உட்புறத்தில் இது வரும். நீர்த்த பிளீச்சால் துடைத்துக் கழுவி, மூடியைத் திறந்தே வைத்து, வெளியேற்றும் மின்விசிறியை ஓடவிட்டால் போதும்.

வெளுக்காமல் அப்படியே நின்றாலோ இன்னும் கறுத்தாலோ, தண்ணீரிலுள்ள மாங்கனீசு காரணமாக இருக்கலாம். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினாலே அது கழிவறைச் சாமான்களில் கறை ஏற்றும். ஃபிளஷ் டேங்கின் மூடியைத் தூக்கி உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். மை போன்ற கறுப்பு விரலில் ஒட்டினால் ஐயம் உறுதிப்படும். பிளீச்சை முழுக்கக் கழுவி நீக்கியபின், மறுநாள் அறிகுறி 1இல் சொன்ன எலுமிச்சை உப்பு ஒத்தடம் போடுங்கள். மூலகாரணத்துக்குத் தண்ணீர்ப் பரிசோதனைதான் வழி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி 6: இளஞ்சிவப்பு வழவழப்பு

இது தண்ணீரின் குற்றம் அல்ல. ஈரமான இடங்களில் காற்றிலிருந்து வந்து வளரும் நுண்ணுயிர்ப் படலம். சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நீர்த்த பிளீச்சால் ஒருமுறை துடைத்து, உலரவிடுங்கள். ஈரம் நின்றால் திரும்ப வரும், உலர்ந்தால் வராது.

அறிகுறி 7: உட்காரும் இடத்தில் நீலச் சாயல்

புது ஜீன்ஸின் சாயம். மூடியை நாற்காலியாக்கி உட்கார்ந்து பேசும் வீடுகளில் மூடியிலும் வரும். சானிடைசர் பஞ்சில் பாதி போகும். மீதிக்கு, கழுவியபின், நீர்த்த பிளீச். டேங்கில் போடும் நீல வில்லைகளால் வரும் நீலம் சீட்டில் அல்ல, கோப்பையின் தண்ணீர் மட்டத்தில்தான் இருக்கும். வில்லையை எடுத்துவிட்டால் நாளடைவில் மறையும்.

அறிகுறி 8: துடைத்த கறை ஒரு வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வருகிறது

மேலே உள்ள வழிகளில் கறை போய், ஆனால் விடாமல் திரும்பினால், இனிச் சீட்டைப் பார்த்துப் பயனில்லை. செலவு குறைந்ததிலிருந்து தொடங்கிக் காரணத்தைத் தேடுங்கள்.

முதலில் ஹெல்த் ஃபாசெட்டைப் பாருங்கள். கொக்கியில் மாட்டிய பிறகும் அதன் முகத்திலிருந்து சொட்டினால், துளி சீட்டின் ஒரே பக்கத்தில் விழுந்து விழுந்து காய்ந்துகொண்டிருக்கும். அதற்குத் தண்ணீர் விடும் மூலைக் குழாயை (ஆங்கிள் வால்வு) மூடி வைத்து, வேண்டும்போது மட்டும் திறந்து பயன்படுத்தினால் அன்றைக்கே நிற்கும்; முகப்பை மாற்றினால் முழுதாகத் தீரும்.

அடுத்து ஃபிளஷ் டேங்கின் கசிவு. கோப்பையின் பின்சுவரில் ஒரே கோடாக மஞ்சளோ செம்பழுப்போ இறங்கியிருப்பது இதன் அடையாளம். சமையற்கட்டிலிருந்து ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் எடுத்து டேங்கில் கலந்து, அரைமணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் டேங்கின் அடி வாசர் தேய்ந்திருக்கிறது அல்லது அதில் உப்புப் படிந்திருக்கிறது. நாங்கள் முதன்முதலில் இந்தச் சோதனையைச் செய்தபோது 18 கோப்பைகளில் 5 கோப்பைகள் ஆரஞ்சு நிறமாயின. அந்த ஐந்து அறைகளில்தான் கறைப் புகார் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. வாசரைக் கழற்றி எலுமிச்சை உப்புத் தண்ணீரில் ஊறவைத்ததில் மூன்று சரியாயின. இரண்டுக்குப் புது வாசர் போட்டோம். வாசரின் விலை சீட்டின் விலையில் ஒரு சிறு பங்குகூட வராது. சுவருக்குள் பதித்த டேங்காக இருந்தால் நீங்களே திறக்க முயலாமல் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் தண்ணீர்தான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். மாதிரி எடுப்பதற்குரிய பாட்டிலையும் முறையையும் முதலில் அவர்களிடமே கேட்டுக்கொள்வது நல்லது. அறிக்கையில் கடினத்தன்மை (கரைந்துள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள்), இரும்பு, மாங்கனீசு ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வைத்திருக்கிறது. கடினத்தன்மை மட்டும் மிகுதி என்றால் தண்ணீரை மென்மையாக்கும் கருவி. இரும்பு மிகுதி என்றால் இரும்பு நீக்கும் வடிகட்டி. இரண்டும் வேறுவேறு. இரும்பு மிகுந்த தண்ணீரை நேராக மென்மையாக்கும் கருவிக்கு விட்டால் அதன் உள்ளே கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் துருவேறிக் கெடும். அறிக்கையைப் பார்க்காமல் கருவியை விற்க வருபவரிடம் வாங்க வேண்டாம். ஒரு வீட்டின் கழிவறைக் கறைக்காக மட்டும் இவ்வளவு செலவு தேவையா என்றால், என் கணக்கில் தேவையில்லை. வாரம் ஒருமுறை எலுமிச்சை உப்பும், தினமும் ஓர் உலர்ந்த துணியும் மலிவு. துணியிலும் தலைமுடியிலும் கீசரிலும் இதே தொல்லை இருக்கிறது என்றால்தான் கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

சீட்டை மாற்ற வேண்டிய கட்டம்

விரிசல் விழுந்திருந்தால் கறையைப் பற்றி யோசிக்காமல் மாற்றுங்கள். உட்காரும்போது தோலைக் கவ்வும், அழுக்கும் உள்ளே தங்கும். சிகரெட்டோ கொசுவர்த்தியோ சுட்ட பழுப்பு வட்டம், பளபளப்பு போய்ச் சொரசொரத்த மேற்பரப்பு, ஊறி உப்பிய மரம், முழுவதும் மஞ்சளான பிளாஸ்டிக் ஆகியவையும் அப்படியே.

கடைக்குப் போகுமுன் மூன்று அளவு எடுங்கள்: கீல் துளைகள் இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம், அந்தத் துளைகளிலிருந்து கோப்பையின் முன்விளிம்பு வரை உள்ள நீளம், கோப்பையின் மிக அகன்ற இடத்தின் அகலம். கோப்பையை நேர்மேலிருந்து ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வடிவம், ஆங்கில ‘டி’ வடிவம், சதுர வடிவம் என்று பல உண்டு, ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. எங்களைப் போல உப்புத் தண்ணீர் உள்ளவர்கள், ஒரு பொத்தானை அழுத்தினால் சீட் கையோடு கழன்று வரும் வகையைக் கேட்டு வாங்கலாம். விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் எங்கள் மண்டபத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா, அந்த வகை வந்த பிறகு அடிப்பக்கத்தை ஒரு நாளும் விட்டுவிடவில்லை; முன்பு குனிந்து கைவிட்டுத் தேய்க்க வேண்டியிருந்ததை இப்போது கழற்றிக் குழாயடியில் வைத்து இரண்டு நிமிடத்தில் முடிக்கிறார்.

பிளம்பரை உடனே அழைக்க வேண்டிய இரண்டு அடையாளங்கள்

கோப்பை தரையோடு சேரும் இடத்தில் பழுப்பு வளையம் தோன்றி, துடைத்தாலும் மறுநாள் ஈரமாகத் திரும்பி வந்தால், அது சீட்டிலிருந்து வழிந்தது அல்ல. அடியிலுள்ள இணைப்பு கசிகிறது. சிமென்ட் பூசி மறைத்தால் கீழே உள்ள அறையின் கூரையில் ஈரம் தெரியும். கோப்பையைக் கழற்றி இணைப்பைப் புதிதாகச் செய்ய வேண்டும். அது பிளம்பரின் வேலை.

மற்றொன்று, சீட்டோடு சேர்ந்து கோப்பையே ஆடுவது. சீட் மட்டும் ஆடினால் கீல் மரையைக் கையால் இறுக்கலாம். கோப்பை ஆடினால் அதை இறுக்க முயல வேண்டாம். பிளம்பர் வரும்வரை அந்தக் கழிவறையைப் பூட்டி வையுங்கள்.